பிடியரிசி வீட்டில் நான் உண்ட சோறு

மாவடிப்பள்ளி மையவாடியில், மதிலோரமாக, என் பிள்ளைகள் இருவர் கிடக்கிறார்கள். மூத்தது எழுபத்தெட்டுச் சூறாவளி அடிப்பதற்கு முந்திய வருடம். இரண்டு நாள் நோவு தின்று பெற்றேன், பிள்ளைக்கு மூச்சில்லை. இரண்டாவது பிள்ளை, சூறாவளிக்கு அடுத்த வருடம். எட்டாம் மாதத்தில் எனக்கு வலிப்பு வந்தது. நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டையும் வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போய், தன் கையாலேயே குழி தோண்டி அடக்கியவர் என் கணவர். நான் முகம்கூடப் பார்க்கவில்லை.

இதை எழுதச் சொன்ன சகோதரிகள், அல்லாஹ் எனக்குச் செய்த கிருபையிலிருந்து தொடங்கும்படி கேட்டார்கள். நான் மையவாடியிலிருந்துதான் தொடங்குவேன். அங்கே நின்று பார்த்தால்தான் அவன் செய்தது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

என்னைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தலைக்கனம் அதிகம். இப்போதும் குறைந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். நாவிதன்வெளிப் பக்கத்தில் எங்களுக்கு வயல், வாசலில் உழவு மெசின், களத்தில் எப்போதும் ஆட்கள். வாப்பாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போடியார் என்றால் அவர்தான். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பா கட்டித் தந்த கல்வீடு. அதில் பிள்ளை மட்டும் இல்லை.

எங்கள் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்க அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால், பிஸ்மி சொல்லி அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, அடுப்படியில் இருக்கும் மண்முட்டியில் போடுவோம். அதுதான் பிடியரிசி. ஏழை வீட்டிலும் போடுவார்கள், எங்கள் வீட்டிலும் போடுவோம். வியாழக்கிழமை முட்டியைக் கவிழ்த்துப் பையில் கட்டி அனுப்பினால், அது சாய்ந்தமருதுக்குப் போகும். அங்கே ஒரு குடும்பம் தர்மத்துக்கென்று வக்பாகக் கொடுத்த வீடு இருக்கிறது. பெண்களே சேர்ந்து நடத்துகிறார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இருப்பவர்கள் தங்கலாம், சாப்பிடலாம், சமயம் வந்ததும் அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஒரு சதம் கேட்க மாட்டார்கள். பிடியரிசி வீடு என்றே எல்லோரும் சொல்வார்கள்.

அந்த வீட்டிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் எங்கள் ஊருக்கு மிஸ்ஸி வருவார். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், பாண்டிருப்புத் தமிழ் அம்மா. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் குர்ஆன் ஓதும் மண்டபத்தில் பாய் விரித்து, பெண்களின் கையில் பட்டி சுற்றிப் பிறஷர் பார்ப்பார், இரும்புச் சத்துக் குளிசை கொடுப்பார், பயறு கொடுப்பார். பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். அந்தத் துண்டு இருந்தால் சாய்ந்தமருது வீட்டில் இடம் உண்டு.

மிஸ்ஸிக்குத் தேத்தண்ணி எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். பித்தளைத் தட்டில், மூடி போட்ட கோப்பையில், பனங்கட்டியோடு. அதை நானே கொண்டு போவேன். வேறு யாரையும் விட மாட்டேன். மண்டபத்தில் வரிசையாக இருக்கும் பெண்களைத் தாண்டிப் போய் வைத்துவிட்டு வருவேன். அந்த வரிசையில் நானும் ஒருநாள் உட்கார வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்ததே இல்லை. வயலில் களை பிடுங்க வருகிறவர்கள் உட்காரும் இடம் அது. நாங்கள் கொடுக்கிறவர்கள். அப்படித்தான் நினைத்தேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது பிள்ளை வயிற்றில் தங்கியது சூறாவளிக்குப் பிறகு நாலாம் வருடம். கண்ணூறு படும் என்று உம்மா ஐந்து மாதம் வரை யாருக்கும் சொல்லவிடவில்லை. நான் தொழுகைப் பாயிலேயே கிடந்தேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஒரே துஆதான். "யா அல்லாஹ், இந்தப் பிள்ளையை உயிரோடு என் கையில் தா. யாரிடமும் கையேந்த வைக்காதே." இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பேன். இரண்டும் ஒரே துஆ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதத்தில் கால் வீங்கத் தொடங்கியது. உம்மா நீர்முள்ளி அவித்துத் தந்தார். வீக்கம் இறங்கவில்லை. செருப்பு ஏறாமல் போனது. ஒரு புதன்கிழமை வெறுங்காலோடு தேத்தண்ணி கொண்டுபோனேன். குனிந்து தட்டை வைக்கும்போது மிஸ்ஸியின் கண் என் கோப்பையில் இல்லை, என் காலில் இருந்தது.

"பிள்ள, இதில கொஞ்சம் இருங்க. பிறஷரப் பாத்திட்டுப் போங்க."

"வேணா மிஸ்ஸி. எனக்கு ஒண்டுமில்ல. வீட்டில வேல கிடக்கு."

"எத்தின மாசம்?"

சேலையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வரிசையிலிருந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் றகுமாவும் இருந்தாள். எங்கள் வயலில் களை பிடுங்குகிறவள். அவளுக்கும் என்னைப் போலவே மாதம். அவள் கையில் துண்டு இருந்தது. அன்று எனக்கு அது ஒரு பிச்சைச் சீட்டாகத் தெரிந்தது.

மார்கழி மழை பிடித்தது. ஐந்து நாள் வெளிச்சமே இல்லை. நபி பிறந்த மௌலூது மாதம், பள்ளியில் ஓதுகிற சத்தம்கூட மழையில் கேட்கவில்லை. எங்கள் ஊருக்கும் காரைதீவுக்கும் நடுவில் ரோடு தாழ்ந்து போகும் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஏறினால் கல்முனைப் பக்கம் போக வழியில்லை. அது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் அந்த முறை எனக்குத் தலை வலித்தது. சாதாரண வலி இல்லை. இரண்டாவது பிள்ளைக்கு வலிப்பு வருமுன் வந்த அதே வலி. கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்ன மின்னல் பறந்தது. ஆறாம் நாள் காலையில் எழுந்தபோது சுவரில் இருந்த மணிக்கூடு இரண்டாகத் தெரிந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. வுழூச் செய்து, முற்பகலில் தொழும் லுஹாத் தொழுதேன். ஸுஜூதில் வைத்த தலையைத் தூக்க முடியவில்லை. அப்படியே கிடந்து அழுதேன். எவ்வளவு அழுதாலும் அந்தத் துஆவைத்தான் சொல்கிறேன். பிள்ளையைத் தா, கையேந்த வைக்காதே. பிறகு வாயில் ஒன்று நின்று மற்றது போய்விட்டது. பிள்ளையைத் தா. பிள்ளையைத் தா. எப்படியாவது தா. எந்த வழியாலும் தா. வெட்கம் மானம் எல்லாம் உன்னிடமே இருக்கட்டும், பிள்ளையை மட்டும் தா. என் உயிர் இருக்கும்வரை அந்த ஸுஜூதை மறக்க மாட்டேன்.

பாயைச் சுருட்டும்போது வாசலில் உழவு மெசின் சத்தம் கேட்டது. எங்களுடையது இல்லை. பின்னால் இழுக்கும் பெட்டியில் தறப்பாள் கட்டி, உள்ளே வைக்கோல் பரப்பி, மூன்று பெண்கள். றகுமா ஒரு மூலையில். முன்னால் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை நனைந்த சேலையோடு, எங்கள் மிஸ்ஸி. அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. தாம்போதித் தூணில் வெள்ளை அடித்த அடையாளத்துக்குத் தண்ணீர் வந்தால், பிறகு பார்ப்போம் என்று இருக்க மாட்டார்கள். உடனே மெசின் பிடித்து வந்து, துண்டு கொடுத்த பெண்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

மிஸ்ஸி தன் நோட்டுக் கொப்பியைப் பார்த்து வாப்பாவிடம் சொன்னார். "போடியார், இந்த ஊரில நாலு பேர். மூண்டு பேர் ஏறிட்டாங்க. நாலாவது உங்கட மகள்."

"எண்ட மகள் உங்களிட்டத் துண்டு எடுக்கல்லயே மிஸ்ஸி."

"ஓம், அவ எடுக்கல்ல. நான் எழுதி வெச்சன்."

கொப்பியைத் திருப்பிக் காட்டினார். என் பெயர் அவருக்குத் தெரியாது. 'தேத்தண்ணி வீட்டு மகள், கால் வீக்கம்' என்று எழுதியிருந்தது. நான் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்த அந்தப் புதன்கிழமையே எழுதியிருக்கிறார். பிறகு வந்த ஒவ்வொரு புதன்கிழமையும் என் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், என் காலை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

வாப்பா சம்மதிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவருக்கு அது நடக்கிற காரியமாகவே தெரியவில்லை. "அது பிடியரிசி வீடு மிஸ்ஸி. இந்த வளவிலிருந்து அரிசி போற வீடு. அங்க போய் எண்ட மகள் சோறு தின்னுறதா? தண்ணி வத்தினதும் நான் காரில கூட்டிப் போறன்."

என் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு வருடம். அதுவரை வாப்பாவுக்கு எதிரே ஒரு கதை கதைத்ததில்லை. உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். அன்று மழையில் நனைந்துகொண்டே முற்றத்தில் வந்து நின்றார்.

"மாமா, ரெண்டு கபுறு தோண்டிட்டன். மூண்டாவது தோண்ட எனக்கு ஏலா."

வாப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தொழுகைச் சால்வையோடேயே படியிறங்கிப் போய், மெசின் பெட்டியின் பலகையில் கை வைத்தேன். ஏற முடியவில்லை. கால் தூக்கவே வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது. றகுமாவின் கை. நானும் கையை நீட்டினேன். யாரிடமும் கையேந்த வைக்காதே என்று எத்தனை மாதம் கேட்டவள் நான்.

தாம்போதியில் தண்ணீர் பெட்டியின் பலகைக்கே வந்துவிட்டது. என் கணவரும் இன்னும் இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் மெசினுக்கு முன்னால் நடந்து, ரோட்டின் விளிம்பைக் காலால் தடவித் தடவி வழி காட்டினார்கள். எனக்கு வாந்தி வந்தது. கண் இருட்டியது. றகுமா தன் வயிற்றையும் பார்க்காமல் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த ஸலவாத்தையெல்லாம் ஓதிக்கொண்டே வந்தாள். கடந்து முடிந்து காரைதீவுக் கரையில் மெசின் ஏறியதும் மிஸ்ஸி முதலில் செய்தது, என் கையில் பட்டியைச் சுற்றியது. பிறஷர் மிகவும் ஏறியிருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் விடச் சொன்னார்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து ஊசி போட்டுப் பிறஷரை இறக்கினார்கள். பிள்ளைக்கு இன்னும் நாள் கிடந்தது. கட்டில்கள் நிறைந்திருந்ததால், மிஸ்ஸி பார்த்துக்கொள்வார் என்ற பொறுப்பில் என்னைப் பிடியரிசி வீட்டுக்கு அனுப்பினார்கள். இடப்பக்கமாகப் படுக்க வேண்டும், உப்புச் சேர்க்கக் கூடாது, காலையும் மாலையும் பிறஷர் பார்க்க வேண்டும். அங்கேதான் நான் அந்தச் சோற்றை உண்டேன்.

சகோதரிகளே, பிடியரிசி சமைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கொடுக்கிற நமக்கு அது தெரியாது. எங்கள் வீட்டுச் சிவப்பரிசி, வேறொரு வீட்டுப் புழுங்கல், இன்னொரு வீட்டுப் பச்சையரிசி, கடையில் வாங்கிய வெள்ளையரிசி எல்லாம் ஒரே பானையில். ஒன்று குழைந்து கஞ்சியாகும்போது மற்றது விதையாக நிற்கும். எத்தனை நேரம் வேகவைத்தாலும் ஒரே பதம் வராது. முதல் நாள் வாயில் வைத்துவிட்டு விழுங்க முடியாமல் இருந்தேன். உப்பும் இல்லை.

றகுமா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்ன ராத்தா, போடியார் மகளுக்கு எங்கட சோறு இறங்கல்லயா? உங்கட வீட்டு அரிசியும் இதுக்குள்ளதான் இரிக்கி. தேடி எடுத்துத் தரட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தேன். சோற்றுக் கோப்பையை வழித்துத் தின்றேன்.

ஒரு வாரம் போனதும், படுத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை ஏதாவது தாருங்கள் என்று கேட்டேன். அரிசி பொறுக்கச் சுளகில் போட்டுத் தந்தார்கள். பொறுக்கி முடித்து, கழுவக் கொடுக்குமுன், பழக்க தோஷத்தில் ஒரு பிடியை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் நான் எங்கே இருக்கிறேன் என்று உறைத்தது. பிச்சை அரிசியில் என்ன பிடியரிசி என்று வெட்கப்பட்டு, கையைத் திரும்பச் சுளகில் கவிழ்க்கப் போனேன்.

"போடாதீங்க ராத்தா," என்றாள் றகுமா. "முட்டி அந்தா கிடக்கு."

அடுப்புக்குப் பக்கத்தில் முட்டி இருந்தது. பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அந்த வீட்டில் தங்குகிற பெண்களும் ஒவ்வொரு நாளும் தங்கள் உலையிலிருந்து ஒரு பிடி எடுத்து வைக்கிறார்கள். அது கடற்கரைப் பக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு விதவையின் வீட்டுக்குப் போகிறது. அந்தப் பெண்களை நான் என்னவென்று நினைத்திருந்தேன். அவர்கள் என்னைப் போலவே கொடுக்கிறவர்கள். ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து கொடுக்கிறார்கள் என்பதால் என்னைவிட ஒரு படி மேல். அந்தப் பிடியை நான் முட்டியில் போட்டேன். என் வாழ்நாளில் நான் போட்ட முதல் பிடியரிசி அதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பத்தொன்பதாம் நாள், ஒரு திங்கட்கிழமை நண்பகல் லுஹருக்குப் பிறகு, பிறஷர் மீண்டும் ஏறியது. மிஸ்ஸி ஒரு நிமிடம் தாமதிக்கவில்லை. வான் ஒன்றைப் பிடித்து ஏற்றினார். ஆஸ்பத்திரியில் எனக்கு அரை நினைவுதான். பிள்ளை பிறந்தது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. மூத்த பிள்ளையின்போது கேட்ட அதே அமைதி. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வெளியே எங்கோ மாலை அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். அது முடியுமுன் என் பிள்ளை அழுதது. மிஸ்ஸிதான் தலைமாட்டில் நின்று சொன்னார், "பிள்ள, கண்ணத் திறங்க. ஆம்புளப் புள்ள. உங்களப் போலதான், கோவக்காரன்."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாய் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. அல்லாஹ்வுக்கு அதுவும் விளங்கும்.

தண்ணீர் வற்றியதும் வாப்பா வந்தார். சின்னப் பிள்ளை என்பதால் நாங்கள் இன்னும் பிடியரிசி வீட்டில்தான் இருந்தோம். வாசலில் நின்றுகொண்டே பேரனைப் பார்த்தார். உள்ளே வர வெட்கம். மிஸ்ஸி ஒரு கோப்பைக் கஞ்சியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"போடியார், எத்தின வருசம் உங்கட தேத்தண்ணி குடிச்சன். இண்டைக்கு எங்கட கஞ்சி குடிங்க."

வாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். மென்று பார்த்தார். அரிசியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. முகம் ஒரு மாதிரிப் போனது. ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "இன்னொரு அகப்பை ஊத்துங்க மிஸ்ஸி" என்றார். என் வாப்பாவைப் பற்றி எனக்கு எப்போதும் பெருமைதான். அன்றைக்குப் போல அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

என் மகனுக்கு இப்போது ஆறு வயது. றகுமாவின் மகளும் அவனும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவனைப் 'பிடியரிசி' என்று பட்டம் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். ஒருநாள் அழுதுகொண்டு வந்தான். நான் அவனை அடுப்படிக்குக் கூட்டிப்போய் முட்டியைக் காட்டினேன். "ஓம் மகன், நீ பிடியரிசிதான். மத்தப் புள்ளைகள் ஒரு வீட்டுச் சோத்தில வளந்தவங்க. உன்னைய வளத்தது எத்தின வீட்டுச் சோறு எண்டு எனக்கே தெரியா." அதற்குப் பிறகு அவன் அழவில்லை. இப்போது யாராவது பெயர் கேட்டால் அதையும் சேர்த்துச் சொல்கிறான். தலைக்கனம் எங்கே போகும்.

இடையில் வந்த வருடங்கள் லேசானவை அல்ல. தமிழர் ஊருக்கு நாமும் நம் ஊருக்கு அவர்களும் போகப் பயந்த நாட்களை நாம் எல்லோரும் கண்டோம். அந்த நாட்களிலும் மிஸ்ஸி வந்தார். எங்கள் ஆட்கள் போய்க் கூட்டி வந்தார்கள், அவர் ஊர் எல்லைவரை கொண்டுபோய் விட்டார்கள். ஒரு புதன்கிழமைகூட அவருக்கு எங்கள் தேத்தண்ணி தவறவில்லை என்று என்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியும். மண்டபம் போதாமல் போனபின் இப்போது எங்கள் கல்வீட்டு முன்விறாந்தையில்தான் பாய் விரிக்கிறோம். மகனுக்கு அடுத்துப் பிறந்த என் மகளை நான் வயிற்றில் சுமந்தபோது முதல் ஆளாக வரிசையில் உட்கார்ந்து துண்டு எடுத்தவள் நான். அந்தத் துண்டைக் குர்ஆன் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் இன்னும் வைத்திருக்கிறேன்.

நான் அல்லாஹ்விடம் இரண்டு கேட்டேன். பிள்ளையைத் தா என்றேன், தந்தான். கையேந்த வைக்காதே என்றேன், மெசின் பெட்டிக்கு முன்னால் நிறுத்திக் கையை நீட்ட வைத்தான். ஒன்றைத் தந்து ஒன்றை மறுத்தான் என்றுதான் கொஞ்சக் காலம் நினைத்திருந்தேன். இல்லை. அந்தக் கையை நீட்டியிருக்காவிட்டால் பிள்ளை இல்லை. அவன் என்னிடமிருந்து எடுத்தது பிள்ளைக்கு வழியில் கிடந்த தடையை மட்டும்தான்.

இதை வாசிக்கிற சகோதரி, நீங்களும் தொழுகைப் பாயில் அழுதுகொண்டிருக்கலாம். அழுங்கள், அவன் கேட்கிறான். அழுது முடித்து எழும்பும்போது வாசலையும் ஒரு முறை பாருங்கள். புதன்கிழமை எங்கள் விறாந்தைக்கு வாருங்கள். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்க மாட்டோம். பித்தளைத் தட்டில், பனங்கட்டியோடு, நானே தேத்தண்ணி கொண்டுவந்து தருவேன். ஆனால் கோப்பையை நீட்டுமுன் குனிந்து உங்கள் காலைப் பார்ப்பேன். சேலையைக் கீழே இழுத்துவிடாதீர்கள்.